பெங் நாட்டுச் சரண் ஆடு

பெங் நாட்டுப் படையில் அறுபது தேர்கள், ஆயிரத்துச் சொச்சம் காலாட்கள், ஒரு செம்மறிக் கிடா. நாட்டைக் காப்பாற்றியது யார் என்று நேர்மையாகப் பார்த்தால் கிடாவுக்குத்தான் முதல் மரியாதை செய்ய வேண்டும். தேர்களை வைத்து நாம் ஜெயித்த போர் ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை. இருந்திருந்தால் பாட்டுக் கட்டிப் பாடியே நம் காதைப் புண்ணாக்கியிருப்பார்கள்.

வடக்கே ஜின், தெற்கே சூ. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளத்தின் பெயர்தான் பெங். வடக்கு எல்லையில் ஒருவன் தும்மினால் தெற்கு எல்லையில் இருப்பவன் ‘நூறு ஆயுசு’ என்று வாழ்த்தலாம், நாடு அவ்வளவுதான் அகலம். அந்த நாட்டின் சரண் ஆட்டை இருபத்தெட்டு வருஷம் வளர்த்தவர் ரூ தாங். நான் சொல்ல வந்தது அவர் கதை.

முறை இதுதான். யாராவது வந்து நகரை வளைத்துக்கொண்டால், கொஞ்ச நாள் மதில்மேல் நின்று முறைக்க வேண்டும். முறைத்து முடிந்ததும் நாட்டை ஆளும் பிரபு மேலாடையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, ஓர் ஆட்டைக் கயிற்றில் நடத்திக்கொண்டு வாசலுக்கு வெளியே போவார். இனி நான் உங்கள் ஆட்டிடையன் என்று அதற்கு அர்த்தம். பின்னால் ஒரு வண்டியில் சவப்பெட்டி வரும். கொன்றாலும் சரிதான் என்று அதற்கு அர்த்தம். ஜெயித்தவர் கையில் கொடுக்கும்வரை பிரபு கயிற்றை விடக்கூடாது. அதேபோல் ஆட்டை இழுக்கவும் கூடாது. ஆட்டை இழுத்துக்கொண்டு போனால் மனமில்லாமல் சரணடைகிறான் என்று ஆகிவிடும், மறுநாளே மதிலில் நெருப்பு வைத்துவிடுவார்கள். ஆடு தானாக, சந்தோஷமாக, எதிரியைப் பார்த்து நடக்க வேண்டும். எந்த ஆடு அப்படி நடக்கும்? அதற்குத்தான் ரூ தாங்.

அவர் ஒன்றும் பிறவி ஆட்டுக்காரர் இல்லை. பத்தொன்பது வயதில் ஈட்டியோடு தேருக்குப் பின்னால் ஓடும் காலாளாகத்தான் சேர்ந்தார். அப்போது நாம் ஜின் பக்கம். சூ படையைப் பதுங்கியிருந்து தாக்குவது என்று ஏற்பாடு. சத்தம் வராமலிருக்க ஒவ்வொருவர் வாயிலும் ஒரு கட்டையைக் குறுக்கே கடிக்கக் கொடுத்து, முடிச்சைப் பிடரியில் கட்டிவிட்டார்கள். படையில் மற்ற எல்லாருக்கும் அந்தக் கட்டை வேலை செய்தது, தாங்குக்கு மட்டும் செய்யவில்லை. கட்டையைக் கடித்துக்கொண்டே பக்கத்துக்காரனிடம் தன் செருப்பு வார் அறுந்த கதையை விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்துக்காரனுக்குப் புரியாததால் குரலை உயர்த்திச் சொல்லியிருக்கிறார். சூ காவல்காரனுக்குப் புரிந்துவிட்டது.

ஜின் அதிகாரி இவர் தலை வேண்டுமென்று குதித்தார். நம் மந்திரி ஹுவான், அன்றைக்கு அவரும் இளைஞர்தான், நிதானமாகச் சொன்னாராம்: “எங்க படையில இருக்கிறதே கொஞ்சம் தலைங்க. அதுல ஒண்ணைக் கொடுத்துட்டா வெளிய தெரியும்.” தலை தப்பியது. பேச்சு குறையாத ஆளை எங்கே போடுவது என்று யோசித்து ஆட்டுப் பட்டிக்கு அனுப்பினார்கள். பழைய ஆட்டுக்காரர் அந்த வாரம்தான் செத்திருந்தார்.

பட்டியில் தாங்குக்கு வாழ்வு வந்தது. என்ன பேசினாலும் ஆடு கேட்கும். தினமும் காலையில் கிடாவைப் பட்டியிலிருந்து கோட்டை வாசலுக்கு நடத்தி, வாசல் தாண்டி நானூறு அடி போய், அங்கே உள்ளங்கையில் உப்பு கொடுப்பார். ஒரு வருஷம் இப்படி நடந்தால் கயிற்றின் மறுமுனையில் யார் இருந்தாலும் கிடாவுக்குக் கவலையில்லை. உப்பு எங்கேயோ அங்கே போகும். எந்த வாசல் என்பதைக் குளிர்காலப் பூசையன்று மந்திரிகள் கூடி முடிவு செய்வார்கள். அடுத்தது யாரிடம் சரணடைவோம் என்று எண்ணிப் பார்த்து, ஜின் என்றால் வடக்கு வாசல், சூ என்றால் தெற்கு. தாங் கையில் இதுவரை நான்கு சரண் நடந்திருக்கிறது, நான்கும் பிசிறில்லாமல். நான்கு கிடாவும் போன இடத்திலேயே குழம்பாகிவிட்டன. அதைப் பற்றி மட்டும் அவர் பேசமாட்டார்.

ஊரில் அவருக்கு ‘ஆட்டுத் தளபதி’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். தளபதி வர்றார், வழி விடுங்க என்று கள்ளுக் கடையில் யாராவது கத்தினால், உட்காருங்க உட்காருங்க, எழுந்திருக்க வேண்டாம் என்று கையமர்த்துவார். ஜின்காரர்களையும் சூகாரர்களையும் பற்றி அவரிடம் கேட்டால் போதும், பொழுது போய்விடும். ஜின்காரன் சரணை ஏற்றுக்கொண்டு அரை நாள் ஒழுக்கம் போதிப்பான், முட்டி தேய்ந்துவிடும், சூகாரன் நேரே சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவான், அதனால் தோற்பதென்றால் சூவிடம் தோற்பது உத்தமம் என்பது அவர் கட்சி.

இந்தப் பட்டத்தைத் தாங்க முடியாதவன் ஒருவன் இருந்தான். அவருடைய ஒரே மகன் பான். இருபத்திரண்டு வயது, கதவு மாதிரித் தோள். தெருவில் அப்பா கிடாவோடு எதிரே வந்தால் அவன் சந்துக்குள் திரும்பிவிடுவான். பெரிய வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஏறுகிற தேரில், அவன் தோளைப் பார்த்து ஈட்டிக்காரனாக வலது பக்கம் ஏற்றினார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவன் பேசுகிற தோரணையே வேறு. அப்பன் தோற்பதற்குச் சோறு தின்கிறான், மகன் ஜெயிப்பதற்குத் தின்கிறான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். தாங் அதைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் அன்று தினைக் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டார்.

பழைய பிரபு காலமாகி, மகன் பட்டத்துக்கு வந்ததும் எல்லாம் மாறியது. இளம் பிரபுவுக்கு இருபது வயது, மானம் அதிகம். அந்தக் குளிர்காலம் மந்திரிகள் கூடி, சூவில் மன்னர் இறந்து துக்கம் நடக்கிறது, வந்தால் ஜின்தான் வருவான், வடக்கு வாசல் என்று முடிவு செய்தார்கள். தாங் புதுக் கிடாவை வடக்கே நடத்திப் பழக்கினார். வாற்கோதுமை அறுப்பு நேரத்தில், துக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சூ படை தெற்கே வந்து இறங்கியது.

தாங் அன்றே மந்திரி ஹுவானிடம் ஓடினார். ஆடு வடக்கே பழகியது, மூன்று நாள் கொடுத்தால் தெற்குக்கு மாற்றிவிடுவேன் என்றார். விஷயம் பிரபு காதுக்குப் போனதும் அவர் கொதித்துவிட்டார். இந்த நாட்டில் இனி சரண் கிடையாது, ஆட்டைப் பட்டிக்கு வெளியே கண்டால் ஆட்டுக்காரன் தலை வாசலில் தொங்கும் என்று உத்தரவு. ஊர் இளைஞர்கள் ஆரவாரம் செய்தார்கள். பான் மற்ற எல்லாரையும்விட அதிகமாகச் செய்தான்.

பதினெட்டாம் நாள் ஒரு தேரைச் சவாலுக்கு அனுப்பினார்கள். சவால் தேர் என்றால் ஒரே தேர், மூன்றே ஆட்கள். எதிரி முகாமுக்குள் பாய்ந்து, ஈட்டிக்காரன் குதித்து இறங்கி ஒருவன் காதை அறுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். எதிரியை அவமதிக்க இதைவிட நல்ல வழி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பான் போனான். மதில்மேல் தாங்கும் இருந்தார். மகன் குதித்ததைப் பார்த்தார், காதோடு தேரில் ஏறியதையும் பார்த்தார். முகாம் வாசலில் குதிரை இடறி, தேரோட்டி கீழே விழுந்தான். பான் அவனைத் தூக்க இறங்கினான். அதற்குப் பிறகு புழுதிதான் தெரிந்தது.

மறுநாள் காலை சூ தூதன் அகழிக் கரையில் வந்து நின்று சத்தமாக அறிவித்தான். புது முரசு ஒன்று கட்டியிருக்கிறார்கள். நாளை மறுநாள் சூரியன் உதித்ததும் பிடிபட்ட மூன்று பேர் ரத்தத்தை அதன் தோலில் பூசி, முதல் அடி அடித்து, மதில் ஏறுவார்கள். அப்புறம் உள்ளே யாரையும் எண்ண வேண்டிய வேலை இருக்காது.

ஊருக்குள் தினை தீர்ந்திருந்தது, நாய்களும் தீர்ந்திருந்தன, சரண் ஆட்டை மட்டும் யாரும் தொடத் துணியவில்லை. இளம் பிரபு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, மானத்தால் அல்ல, அரண்மனையிலும் ஒன்றுமில்லை. மத்தியானத்துக்குள் இறங்கி வந்தார். நாளைக் காலையே சரண் என்று முடிவாயிற்று. ஹுவான் நேராகப் பட்டிக்கு வந்தார். முன்பு மூன்று நாள் கேட்டாயே, இப்போது என்ன சொல்கிறாய் என்றார். ஆடு சரியாக நடக்காவிட்டால் இன்னும் மூன்று நாள் எப்படியாவது தாக்குப்பிடிக்கலாம், மதில் இருக்கிறது, அம்பு இருக்கிறது, அவசரப்பட்டு ஊரைக் கெடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

தாங் கிடாவைப் பார்த்தார். மூன்று நாள் ஊருக்கு இருக்கலாம், அவர் மகனுக்கு இல்லை.

“ஆடு தயாரா?” என்றார் ஹுவான்.

“தயார், மந்திரி ஐயா.”

“தெற்கே நடக்குமா?”

“ஓடும்.”

வாழ்நாளில் ஆயிரம் கதை அளந்தவர்தான், ஆனால் அது ஊர் சிரிக்க. இப்படி ஓர் ஊரையே பணயம் வைத்துப் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டார்.

வீட்டில் மனைவி ஷு யியிடம் உண்மையைச் சொன்னார். அவள் அழுது ஓய்ந்த முகத்தோடு ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, அடியில் படிந்திருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஊரில் மிச்சமிருந்த உப்பு அவ்வளவுதான். ஒரு துணியில் முடிந்து அவர் கையில் வைத்தாள்.

“பொய்தானே சொன்னீங்க. நல்லாச் சொன்னீங்க,” என்றாள். “வேற அப்பனா இருந்தா யோசிச்சிருப்பான்.”

சாயங்காலத்துக்குள் கிடாவை நான்கு தடவை தெற்குத் தெருவில் நடத்திப் பார்த்தார். உப்பைக் காட்டினால் வந்தது. கையை மூடினால் நின்று, தலையைத் தூக்கி, வடக்கே திரும்பிக்கொண்டது. பிரபு கையில் கொஞ்சம் உப்பு கொடுத்துவிடலாமா என்று கேட்கக்கூட வழியில்லை. பிரபுவின் ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் ஜெயித்தவருக்குக் காணிக்கையாகப் பச்சைக்கல், இடுப்புக்கு மேலே துணியில்லை. தாங் அன்று முழுக்கக் கிடாவின் காதில் பேசிக்கொண்டே இருந்தார். பெங் நாட்டு வரலாறு, பான் பிறந்த கதை, அவன் நடை பழகிய கதை எல்லாம் சொல்லி, நாளைக்கு ஒரே ஒரு தடவை தெற்கே போ என்று கெஞ்சினார். கிடா அசைபோட்டது.

காலையில் தெற்கு வாசல் திறந்தது. வெளியே கண்ணுக்கு எட்டியவரை சூ படை. நடுவில் குடையின் கீழ் அவர்களுடைய பெரிய தளபதி, முன்பல் இரண்டு விழுந்த பருத்த கிழவர். பக்கத்தில் அந்த முரசு. அதன் காலடியில் கை கட்டப்பட்டு மூன்று பேர். தாங் வாசல் நிழலில் நின்று மகனைத் தேடினார். தலையில் துணி சுற்றியிருந்தவன்தான் பான். அவர்களும் பதிலுக்குக் காதை எடுத்துவிட்டிருந்தார்கள்.

பிரபு நடந்தார், கிடா நடந்தது. நூறு அடி, இருநூறு அடி. தாங் மனதுக்குள் இருந்த எல்லாக் குலதெய்வங்களையும் ஒரே மூச்சில் கூப்பிட்டார். முந்நூறாவது அடியில் கிடா நின்றது. முகர்ந்து பார்த்தது, இது நம் இடமில்லை என்று கண்டுகொண்டது. இடது பக்கம் திரும்பி, அகழி ஓரமாக, மதிலைச் சுற்றி வடக்கு வாசலுக்குப் போகிற பாதையில் உற்சாகமாகக் கிளம்பியது.

பிரபு என்ன செய்வார், பாவம். கயிற்றை விடக்கூடாது, இழுக்கவும் கூடாது. அவரும் கிளம்பினார். பிரபு போகிறாரே என்று பின்னால் மந்திரிகள் போனார்கள். மந்திரிகள் போகிறார்களே என்று சவப்பெட்டி வண்டியும் திரும்பிக் கடகடவென்று பின்தொடர்ந்தது. பெங் நாட்டு அரசாங்கம் மொத்தமும் சூ படைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெற்றுத் தோளும் பெட்டியுமாக, வடதிசை பார்த்து வரிசையாகப் போனது. இப்படி ஒரு சரணை இந்த உலகம் அதுவரை கண்டதில்லை. சூ படையினர் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வில்கள் உயர்ந்தன.

தாங் ஓடினார். காவலன் ஒருவன் பிடித்த இடத்தில் சட்டை கிழிந்து ஒரு துண்டு அவன் கையிலேயே நின்றுவிட்டது. ஐம்பதை நெருங்கும் மனிதர், கிழிந்த சட்டையோடு, ஆட்டின் பக்கம் போகாமல் நேரே குடையை நோக்கி ஓடி, தளபதி முன்னால் மண்ணில் விழுந்தார்.

“உங்க பிரபு எங்கய்யா போறாரு?” என்றார் தளபதி. கோபத்தைவிட அதிசயம்தான் குரலில் அதிகம்.

“பிரபு எங்கயும் போகலீங்க. ஆடுதான் போகுது. கயித்த விடக்கூடாதுன்னு முறை, அதனால கூடப் போறாரு.”

“ஆடு எங்க போகுது?”

தாங் ஆடு போகிற திசையைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் தாங்கவில்லை, கொட்டிவிட்டார்.

“ஜின் நாட்டுக்குங்க.”

பக்கத்திலிருந்த அதிகாரிகள் வாளில் கை வைத்தார்கள். உங்கள் மனசு யார் பக்கம் என்று உங்கள் ஆடே காட்டிக்கொடுத்துவிட்டதே என்று தளபதி சொன்னார்.

“ஆட்டுக்கு ஏதுங்க மனசு, உப்பு எங்கயோ அங்க போகும். ஒரு வருஷமா வடக்கதான் உப்பு கொடுத்தேன். மூணு நாள் இருந்தா இந்தப் பக்கம் திருப்பியிருப்பேன். இருந்தும் எங்க மந்திரிகிட்ட தயார்னு பொய் சொல்லிட்டேன்.” அவர் முரசின் பக்கம் கையைக் காட்டினார். “தலையில கட்டுப் போட்டிருக்கானே, அவன் எம் புள்ள. நாளைக்கு விடிஞ்சா அவன் ரத்தம் உங்க முரசுக்கு. எனக்கேது மூணு நாள்? பொய் என்னுது. ஆட்டு மேலயும் தப்பில்ல, பிரபு மேலயும் தப்பில்ல. முரசுக்கு ரத்தம்தான் வேணும்னா எங்கிட்டயும் இருக்குதுங்க. கொஞ்சம் பழசு, ஆனா பூசலாம்.”

 தூரத்தில் சவப்பெட்டி வண்டியின் சக்கரம் கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. முரசடியில் பான் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை, பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

தளபதி வயிறு குலுங்க ஆரம்பித்தது. முதலில் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, நாற்பது வருஷமாக நாடு நாடாகச் சரண் வாங்குகிறேன், எல்லாரும் என்னை உயிராக நேசிப்பதாகச் சொன்னார்கள், முதல் தடவையாக இன்றைக்குத்தான் ஒருத்தன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான் என்றார். கையை நீட்டினார்.

“உப்பு வெச்சிருக்கியா?”

தாங் முடிச்சை அவிழ்த்தார். தளபதி உள்ளங்கையில் உப்பைக் கொட்டிக்கொண்டு, குடையை விட்டு வெளியே வந்து, அகழிப் பக்கமாக இருபது முப்பது அடி தாமே நடந்தார். ஜெயித்தவர் நடந்து வருவது முறையே இல்லை. அதிகாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாங் நாக்கை மேலண்ணத்தில் தட்டித் தினமும் கூப்பிடுகிற சத்தத்தைக் கொடுத்தார். கிடா நின்றது. காதை அசைத்தது. கை விரிந்திருப்பதைப் பார்த்ததும் ஜின் நாட்டை அந்த இடத்திலேயே மறந்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தது. பின்னால் பிரபுவும், மந்திரிகளும், பெட்டியும் ஓடி வந்தார்கள். மூச்சிரைக்கப் பிரபு கயிற்றைத் தளபதி கையில் கொடுத்தார். அவ்வளவு அவசரமாகவும் அவ்வளவு ஆசையாகவும் எந்த அரசனும் சரணடைந்ததில்லை என்று சூகாரர்களே பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

முரசுக்கு ஆட்டு ரத்தம் போதும் என்று தளபதி முடிவு சொன்னார். கிடா இன்னும் அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது. தாங் அதன் பிடரியை ஒரு தடவை தடவிவிட்டு விலகி நின்றார். முந்தைய நான்கு கிடாக்களுக்கும் சேர்த்து அன்றுதான் அழுதார், பெரிய படை முன்னால், வெட்கமில்லாமல்.

மந்திரி ஹுவான் பொய்க்காகப் பிறகு என்ன தண்டனை கொடுத்தார் என்று கேட்பீர்கள். வாசலில் அவரைக் கடக்கும்போது, எனக்கும் மகன் இருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் மூன்று பேரையும் அவிழ்த்துவிட்டார்கள். பான் வாசலுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தான். வீரனாகச் சாக விடாமல் மானத்தை வாங்கிவிட்டீர் என்றான். எதிரி காலில் விழுந்தீர், அதுவும் சட்டை கிழிந்த கோலத்தில், ஆயிரம் பேர் பார்க்க என்றான். தேரில் இனி எந்த முகத்தோடு ஏறுவேன், சின்னப் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்து ‘மே’ என்று கத்தும் என்றான். தெரு முழுக்கக் கேட்கிற குரல். தாங் பக்கத்தில் நடந்தார், முகமெல்லாம் பல்.

பான் நின்றுவிட்டான். “என்னப்பா சிரிக்கிறீங்க? நான் இங்க வயிறெரிஞ்சு பேசிக்கிட்டிருக்கேன்.”

“பேசுப்பா. நல்லாத் திட்டு,” என்றார் தாங். “நேத்து இந்நேரம், இந்தக் குரலை இனிமே எங்க கேக்கப்போறோம்னு உங்கம்மா ஜாடியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. வீட்டுக்கு வந்து அவ முன்னாடியும் கொஞ்சம் திட்டு.”

பான் காதுக் கட்டுத் துணியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு, குரலைக் கொஞ்சம் தணித்து, விட்ட இடத்திலிருந்து திரும்பத் திட்ட ஆரம்பித்தான். வீடு போய்ச் சேரும்வரை தாங் அதில் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டுக்கொண்டே நடந்தார்.